பழைய கம்ப்யூட்டரைத் தள்ளிவிடுமுன்



சபை அலுவலகக் கம்ப்யூட்டர் தூங்கி வழிகிறதா? உடனே புதிது வாங்கவேண்டியதில்லை. பழைய ஹார்ட் டிஸ்க்கினுள் தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலுகின்றன. ஒவ்வொரு கோப்பையும் ஒரு சிறு கை நகர்ந்து தேடியெடுக்கிறது. தாமதம் பெரும்பாலும் அங்கேதான். எஸ்.எஸ்.டி.யில் அசைவது எதுவுமில்லை, தகவல் யாவும் சில்லுகளில் இருக்கிறது. மாற்றிப் போட்டால் வித்தியாசம் முதல் நாளே தெரியும்.

மாற்றுமுன் எல்லாவற்றையும் வேறிடத்தில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். (நாளைக்கென்று தள்ளிப்போடுகிறவர்களே அதிகம்!) எஸ்.எஸ்.டி.யும் முன்னறிவிப்பின்றிப் பழுதாகலாம். கழற்றிய டிஸ்க்கைப் பழைய சாமான்காரரிடம் அப்படியே போட்டுவிடாதீர்கள். அழித்த கோப்புகளையும் அதிலிருந்து மீட்கமுடியும். சபையாரின் முகவரியும் காணிக்கைக் கணக்கும் அதில் உண்டல்லவா? டிஸ்க் முழுவதையும் மேலெழுதி அழித்த பின்பே கையைவிட்டு விடுங்கள்.