பாலைவனத்து ஓவியர்களின் வரவு செலவு

ஆஸ்திரேலியாவின் நடுப்பாலையில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரிலிருந்து வடமேற்கே சுமார் 240 கிலோமீட்டர் தொலைவில் பாப்புன்யா என்றொரு பழங்குடிக் குடியிருப்பு இருக்கிறது. 1972-இல் அங்கே ஜானி வரங்குலா ஜுப்புருலா ஓர் ஓவியம் வரைந்தார். கலிபின்பா என்னும் நீர்த்தலத்தின் கதையைச் சொல்லும் ஓவியம். அவர் கைக்கு வந்த தொகை 150 டாலர். 1997-இல் அதே ஓவியம் ஏலத்தில் 2,06,000 டாலருக்குப் போனது. 2000-இல் மறுபடி ஏலத்துக்கு வந்து 4,86,500 டாலருக்குக் கைமாறியது. முதல் விலையைப் போல 3,243 மடங்கு. இரண்டு ஏலங்களின்போதும் ஓவியர் உயிரோடிருந்தார். இரண்டிலிருந்தும் சட்டப்படி அவருக்குச் சேரவேண்டிய பங்கு சுழியம். 2001-இல் அவர் காலமானார்.

தலைநகரங்களுக்கு வெளியே, பாலையிலும் காட்டிலும் தீவிலும் வாழும் கலைஞர்களுக்கு அரசு எதற்காக மானியம் தரவேண்டும் என்று கேட்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. அவர்களுக்குக் கலையின் பெருமையைச் சொல்லிப் பயனில்லை. கணக்கைக் காட்டலாம். ஆஸ்திரேலியாவில் அந்தக் கணக்கு ஓரளவு தெளிவாகவே பதிவாகியிருக்கிறது. இந்தக் கட்டுரையில் வரும் தொகைகளெல்லாம் ஆஸ்திரேலிய டாலர். ஒரு டாலரை ஏறத்தாழ 55 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நமக்குக் கைக்கணக்குப் போட வசதி.

கைமாறக் கைமாற

கிளிஃபர்ட் போசம் ஜபால்ஜாரி 1977-இல் வரைந்த ‘வார்லுகுலோங்’ என்னும் பெரிய ஓவியத்தை ஒரு வங்கி 1,200 டாலருக்கு வாங்கியது. பல ஆண்டுகள் அது வங்கியின் பயிற்சி நிலையத்துச் சாப்பாட்டுக்கூடத்தில் தொங்கியது. 1996-இல் ஏலத்தில் 36,000 டாலர். 2007-இல் ஆஸ்திரேலிய தேசிய ஓவியக்கூடம் அதை வாங்கியபோது விலை 24 லட்சம் டாலர். சரியாக 2,000 மடங்கு. அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே ஓவியர் இறந்துவிட்டார்.

இதற்கும் முந்தைய தலைமுறையில் ஆல்பர்ட் நமட்ஜிராவின் கணக்கு இன்னும் கசப்பானது. ஹெர்மன்ஸ்பர்க்கில் 1902-இல் பிறந்தவர். 1938-இல் மெல்பர்னில் நடந்த முதல் தனிக்கண்காட்சியில் அவர் வைத்த 41 நீர்வண்ண ஓவியங்களும் விற்றுத் தீர்ந்தன. 1957-இல் ஒரு பதிப்பகத்தோடு போட்ட ஒப்பந்தப்படி, அச்சுப் பிரதிகளின் வருவாயில் அவருக்கு நூற்றுக்குப் பன்னிரண்டரை. மீதி பதிப்பகத்துக்கு. 1959-இல் அவர் மறைந்தார். 1983-இல், அவருடைய சொத்தை நிர்வகித்துவந்த அரசு அலுவலர் பதிப்புரிமை முழுவதையும் அதே பதிப்பகத்துக்கு 8,500 டாலருக்கு விற்றார். அந்த உரிமை குடும்பத்தாரின் அறக்கட்டளைக்குத் திரும்ப 2017 வரை ஆயிற்று. டிக் ஸ்மித் என்ற தொழிலதிபர் அறக்கட்டளைக்கு 2,50,000 டாலர் நன்கொடை தந்தார். உரிமைக்குக் கொடுத்த விலை 1 டாலர். இடைப்பட்ட 34 ஆண்டுகளுக்கு அந்த 8,500-ஐப் பிரித்தால் ஆண்டுக்கு 250 டாலர். நாடே அறிந்த ஓவியரின் வாரிசுரிமைக்கு இதுதான் வாடகை.

இப்படிப்பட்ட கணக்குகள் சேர்ந்துதான் ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தன. 2010 ஜூன் 9 முதல் ஆஸ்திரேலியாவில் மறுவிற்பனை உரிமைத்தொகை நடைமுறையில் இருக்கிறது. கலைச்சந்தையில் 1,000 டாலரோ அதற்கு மேலோ விலைபோகும் ஒவ்வொரு மறுவிற்பனையிலும் 5 சதவீதம் ஓவியருக்கு. அவர் இறந்த பிறகும் 70 ஆண்டுகள் வாரிசுகளுக்கு உண்டு. இந்த விதி முன்பே இருந்திருந்தால், வரங்குலாவுக்கு முதல் ஏலத்தில் 10,300, இரண்டாம் ஏலத்தில் 24,325, ஆக 34,625 டாலர் வந்திருக்கும். போசமுக்கும் வாரிசுகளுக்குமாக 1,21,800. முதலில் வந்த 1,200-ஐப் போல நூறு மடங்குக்கு மேல்.

சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. 2010 ஜூன் 9-க்கு முன்பே வாங்கி வைத்திருந்த ஓவியத்தை அதன் உரிமையாளர் முதல்முறை விற்றால் உரிமைத்தொகை கிடையாது. விலை உச்சத்தில் இருந்த பழைய ஓவியங்கள் எல்லாம் இந்த ஒரு கைமாற்றத்தைச் சல்லிக்காசு தராமல் கடந்துபோகலாம். முதியவர்களாக இருந்த முதல் தலைமுறைக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்பதைச் சட்டம் எழுதியவர்கள் யோசித்திருக்க வேண்டும்.

வாரம் 52 டாலர்

ஆஸ்திரேலிய அரசின் உற்பத்தித்திறன் ஆணையம் பழங்குடிக் காட்சிக்கலைகளையும் கைவினைகளையும் விரிவாக ஆராய்ந்து 2022-இல் அறிக்கை தந்தது. அதன்படி 2019-20-இல் இந்தக் கலைப்பொருள்களின் மொத்த விற்பனை சுமார் 25 கோடி டாலர். அதே ஆண்டு, ஊர்க் கலை மையங்கள் வழியாக விற்ற ஓவியர் ஒருவரின் சராசரி வருமானம் 2,700 டாலர். வாரத்துக்கு 52 டாலர் கூட முழுதாக வராது.

அந்த ஆண்டு ஆஸ்திரேலியாவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 19.49 டாலர், வாரத்துக்கு 740.80. கலை மைய ஓவியரின் ஓராண்டு ஓவிய வருமானம் கடைநிலைத் தொழிலாளியின் மூன்றரை வாரக் கூலிக்குச் சற்றே மேல். நாடு முழுவதும் தொழில்முறைக் கலைஞர்களிடம் எடுத்த இன்னொரு கணக்கெடுப்பு, 2021-22-இல் அவர்களுடைய சராசரிக் கலை வருமானம் 23,200 டாலர் என்கிறது. இந்த இரண்டையும் நேருக்கு நேர் வைப்பது முழு நியாயமாகாது. கலை மையத்தில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு ஓவியம் மட்டும் வரையும் பாட்டியும் அந்த 2,700 சராசரியில் அடக்கம். ஆனாலும் எட்டு மடங்கு இடைவெளியை அது ஒன்றே விளக்கிவிடாது.

25 கோடிக்கும் 2,700-க்கும் நடுவே பணம் எங்கே போகிறது? கொஞ்சம் போலிகளுக்குப் போகிறது. சுற்றுலாப் பயணிகள் வாங்கும் ‘பழங்குடி பாணி’ நினைவுப்பொருள்களுக்குச் செலவாகும் பணத்தில் பாதிக்கு மேல் பழங்குடியினர் கைபடாத பொருள்களுக்கே போகிறது என்று அதே ஆணையம் கண்டது. இந்தோனேசியாவில் செய்த 18,000-க்கும் மேற்பட்ட பொருள்களைப் பழங்குடியினர் செய்தவை என்று விற்ற ஒரு நிறுவனத்துக்கு 2019-இல் நீதிமன்றம் 23 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. ஆனால் நேர்மையான விற்பனையிலும் ஓவியர் பங்கு ஏன் சிறுக்கிறது என்று பார்ப்பதுதான் மானியத்தின் தேவையைப் புரியவைக்கும்.

சிட்னியில் ஒரு காட்சிக்கூடத்தில் 1,000 டாலருக்கு ஓர் ஓவியம் விற்கிறது என்று கொள்வோம். காட்சிக்கூடம் வழக்கமாக எடுக்கும் தரகு 40 சதவீதம். மீதி 600 டாலர் கலை மையத்துக்கு வருகிறது. பல மையங்களில் உள்ள வழக்கப்படி அதில் 60 சதவீதம் ஓவியருக்கு, அதாவது 360. மையத்திடம் தங்குவது 240. இந்த 240-இல்தான் துணி, சட்டம், சாயம், தூரிகை, பார்சல் செலவு எல்லாம். ஓவியத்தைப் படமெடுத்து, அதன் கதையை ஓவியர் வாயால் கேட்டு எழுதி, சான்றிதழ் தருவதும் இதில்தான். நான்கு சக்கர வண்டிக்கு டீசல், கெட்டுப்போன டயர், மேலாளர் சம்பளம், ஊர் உதவியாளர் சம்பளம், மின்கட்டணம். மூத்த ஓவியரை வீட்டிலிருந்து கூட்டிவந்து கொண்டுபோய்விடுவதும், அவருக்கு வரும் அரசுக் கடிதங்களைப் படித்துச் சொல்வதும், மருத்துவமனைக்கு வண்டி ஏற்பாடு செய்வதும் மையத்தின் வேலைகளே. இவற்றுக்கு எந்த வாடிக்கையாளரும் விலை தருவதில்லை.

240 டாலரில் இது நடக்காது. ஓவியரின் 360-இல் கைவைத்தால் மையம் இருப்பதன் பொருளே போய்விடும். இந்தப் பள்ளத்தை நிரப்ப வருவதுதான் மானியம்.

அரசு தருவது

1971-இல் பாப்புன்யா பள்ளிக்கு வந்த ஆசிரியர் ஜெஃப்ரி பார்டன், பெரியவர்கள் தங்கள் மரபுச் சின்னங்களைப் பலகையில் வரைய உற்சாகம் தந்தார். 1972-இல் ஓவியர்களே உரிமையாளர்களாக ‘பாப்புன்யா துலா’ நிறுவனம் பதிவாயிற்று. முதல் சில ஆண்டுகள் வாங்குவோர் மிகக் குறைவு. 1973-இல் பிரதமர் விட்லம் ஆட்சியில் அமைந்த பழங்குடிக் கலை வாரியம் மானியம் தந்தது, ஓவியங்களையும் வாங்கியது, வெளிநாடுகளுக்குக் கண்காட்சியாக அனுப்பியது. அந்தத் தாங்கல் இல்லாதிருந்தால் நிறுவனம் அந்தப் பத்தாண்டைத் தாண்டியிருக்காது. 24 லட்சம் டாலர் ஏலங்களுக்கு வழி திறந்தது அந்தச் சிறு மானியம். இன்று அந்த நிறுவனத்துக்கு 49 பங்குதாரர்கள். சுமார் 120 ஓவியர்கள் அதன் வழியாக விற்கிறார்கள்.

1948-இல் தொடங்கி இன்றும் நடக்கும் எர்னபெல்லா கலை மையம் முதற்கொண்டு, நாட்டில் இப்போது சுமார் 80 மையங்களுக்கு மத்திய அரசின் பழங்குடிக் காட்சிக்கலை ஆதரவுத் திட்டம் நடைமுறைச் செலவுக்கு நிதி தருகிறது. பழங்குடியினர் உட்பட, தலைநகரங்களுக்கு வெளியே உள்ள எல்லாக் கலைஞர்களும் விண்ணப்பிக்கக் கூடியது வட்டாரக் கலை நிதி. கொரோனாக் காலத்தில், 2020 ஏப்ரலில், அரசு அறிவித்த கலை நிவாரணம் 2.7 கோடி டாலர். அதில் பழங்குடிக் கலைக்கு 70 லட்சம், வட்டாரக் கலை நிதிக்கு 1 கோடி.

2023 ஜனவரியில் வெளியான தேசியப் பண்பாட்டுக் கொள்கையில் நான்கு ஆண்டுகளுக்கு மொத்தம் 28.6 கோடி டாலர். வட்டாரக் கலை நிதிக்குக் கூடுதலாகக் கிடைத்தது 85 லட்சம். ஏறத்தாழ 3 சதவீதம். தலைநகரங்களுக்கு வெளியே வாழ்பவர்கள் சுமார் 70 லட்சம் பேர், மக்கள்தொகையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல். ஆண்டுக்கு 21 லட்சத்து 25 ஆயிரம் டாலரைத் தலைக்குப் பிரித்தால் 30 சென்ட். மற்ற ஒதுக்கீடுகளிலும் இவர்கள் விண்ணப்பிக்கலாம் என்பதால் இதையே முழுப் பங்கு என்று சொல்லக்கூடாது. ஆனால் அவர்களுக்கென்றே எடுத்துவைத்த கூடுதல் பணம் இவ்வளவுதான். பழங்குடி மரபறிவைக் காக்கவும் போலிகளைத் தடுக்கவும் சட்டம் கொண்டுவர அதே கொள்கை 1.34 கோடி ஒதுக்கியது. இதை மனமார வரவேற்கலாம்.

தொகையைவிட எனக்கு உறுத்துவது மானியத்தின் வடிவம். ஒரு கண்காட்சிக்கு, ஒரு பயிற்சிப் பட்டறைக்கு, ஒரு சுவரோவியத்துக்கு என்று திட்டம் திட்டமாகத் தரும் பணம் சிட்னிக் கலைஞருக்கு உதவும். அவருக்கு வண்டியும் சாலையும் இணையமும் ஏற்கெனவே இருக்கின்றன. 530 கிலோமீட்டர் தாண்டிச் சாயம் வரவேண்டிய ஊருக்குத் தேவை வண்டிச் செலவும் ஆள் சம்பளமும். பிந்துபியும் லுரிட்ஜாவும் தாய்மொழியாக, ஆங்கிலம் மூன்றாவது நான்காவது மொழியாக உள்ள ஒருவரிடம் பக்கம் பக்கமாக ஆங்கில விண்ணப்பம் கேட்பதும், பணம் முடிந்தபின் அதே மொழியில் செலவுக் கணக்கு கேட்பதும், எழுதத் தெரிந்த இடைத்தரகருக்கே மானியத்தைக் கொண்டு சேர்க்கும். சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளும் விண்ணப்பமும், நான்கைந்து ஆண்டுகளுக்கு உறுதியான நடைமுறை நிதியும் வேண்டும்.

ஓவியர்கள் தந்தது

ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு மேற்கே சுமார் 530 கிலோமீட்டரில் கிண்டோர். சென்னையிலிருந்து கோவைக்குப் போகும் தொலைவைவிடக் கொஞ்சம் அதிகம். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்பு செய்யவேண்டும். அதற்காகக் கிண்டோர் பெரியவர்கள் ஊரையும் பேரப்பிள்ளைகளையும் விட்டு ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் போய்த் தங்கினார்கள். பலர் ஊர் திரும்பாமலே இறந்தார்கள். ஊரிலேயே சிகிச்சை வேண்டும் என்று கேட்டபோது அரசிடமிருந்து பணம் வரவில்லை.

கிண்டோரிலும், அதற்கும் மேற்கே கிவிர்க்குராவிலும் இருந்த ஆண்களும் பெண்களும் கூடி நான்கு பெரிய ஓவியங்கள் வரைந்தார்கள். 2000 நவம்பரில் சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் ஓவியக்கூடத்தில் அவை ஏலம் போயின. ஓவியங்களும் நன்கொடைகளுமாகத் திரண்ட தொகை 10 லட்சம் டாலருக்கு மேல். 2,700 டாலர் சராசரியில் பார்த்தால் 370 ஓவியர்களின் ஓராண்டு வருமானம். ஒரு காசும் தங்களுக்கென்று வைத்துக்கொள்ளாமல் சிகிச்சைக்குக் கொடுத்தார்கள். 2004-இல் கிண்டோரில் இயந்திரம் ஓடத் தொடங்கியது. ‘ஊதா வீடு’ என்று இன்று அழைக்கப்படும் அந்த அமைப்பு சுமார் 20 தொலைதூர ஊர்களில் சிகிச்சை நிலையங்களை நடத்துகிறது. நடமாடும் சிகிச்சை லாரியும் வைத்திருக்கிறது.

அரசு செய்திருக்க வேண்டிய வேலைக்கு ஓவியர்கள் தந்த மானியம் இது. பாலை ஓவியர்களுக்குத் தரும் பணத்தைச் செலவுப் பத்தியில் மட்டும் எழுதுபவர்கள் இந்த 10 லட்சத்தையும் எதிர்ப்பக்கத்தில் எழுதட்டும். பாப்புன்யாவின் 150 டாலருக்கும் ஏலக்கூடத்தின் 4,86,500-க்கும் உள்ள வித்தியாசத்தையும் சேர்த்து எழுதட்டும். யாருக்கு யார் கடன்பட்டவர் என்பது அப்போது தெரியும்.

மெல்பர்னிலும் சிட்னியிலும் பெர்த்திலும் நம்மவர் வீடுகள் நிறைய இருக்கின்றன. ஊருக்கு வரும்போது புள்ளி ஓவியம் போட்ட பூமராங்கோ மேசைவிரிப்போ வாங்கி வருகிறார்கள். வாங்கும் முன் கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: வரைந்தவர் பெயர் என்ன, எந்த ஊர்க் கலை மையத்திலிருந்து வந்தது, இந்த விலையில் அவருக்கு எவ்வளவு. பதில் இல்லையென்றால் வாங்காதீர்கள்.