கூர்ப்பின் கணக்கு

உயர்தர வகுப்பில் உயிரியல் பயின்று, மருத்துவபீட அனுமதிக்குச் சில புள்ளிகள் குறைந்தமையால் தம் கல்வியே முடிந்துவிட்டதெனச் சோரும் மாணவரை ஆண்டுதோறும் காண்கின்றோம். உயிரியல் கற்றார்க்கு மருத்துவம் ஒன்றே வாயில் அன்று. பட்டம் பெற்றபின் மேலும் ஆராய விழைவோர்க்குத் திறந்திருக்கும் துறைகளுள் ஒன்று கூர்ப்புப் பிறப்புரிமையியல். அஃது யாது, அதற்கு வேண்டிய ஆயத்தம் யாது என்பவற்றை இங்கே நோக்குவோம்.

டார்வின் கூறிய இயற்கைத் தேர்வை, மெண்டல் கண்ட பரம்பரை விதிகளின் துணைகொண்டு ஆராய்வது இத்துறை. ஓர் உயிரினக் கூட்டத்தில் ஒரு பரம்பரையலகு நூற்றுக்கு எத்தனை என்ற அளவில் உளது? தலைமுறைதோறும் அவ்வெண் ஏன் ஏறுகின்றது, ஏன் இறங்குகின்றது? இவையே இதன் அடிப்படை வினாக்கள். விகாரம், இயற்கைத் தேர்வு, இடப்பெயர்வு, தற்செயல் ஆகிய நான்கும் அவ்வெண்ணை மாற்றுவன.

ஓர் உதாரணம் காண்போம். இங்கிலாந்தில் வெண்ணிறத்தில் கரும்புள்ளி கொண்ட அந்துப்பூச்சி ஒன்றுண்டு. அதன் கரிய வகை 1848இல் மான்செஸ்ரர் நகரில் காணப்பட்டது. ஆலைப்புகை மரங்களைக் கருக்கிய அக்காலத்தில், ஏறத்தாழ 50 ஆண்டுகளுக்குள் அங்கே கரிய வகையே பெரும்பான்மையாயிற்று. 1924இல் ஜே. பி. எஸ். ஹால்டேன் இதனைக் கணக்கிட்டார். நூற்றுக்கு ஒன்றாயிருந்தது 50 தலைமுறையில் 99 ஆகவேண்டுமாயின், வெண்பூச்சி இரண்டு சந்ததி விடுமிடத்துக் கரும்பூச்சி மூன்று விட்டிருத்தல் வேண்டும் என்பது அவர் கண்ட விடை.

கணக்குச் சரி, காரணம் யாது? காற்றுத் தூய்மையுற்றுக் கரும்பூச்சிகள் அருகிவந்த காலத்தில், கேம்பிரிட்ஜில் மைக்கேல் மஜெரஸ் என்பவர் பல ஆண்டுகளாக 4,864 பூச்சிகளை விட்டு ஆராய்ந்தார். கரியவற்றையே பறவைகள் மிகுதியாக உண்டன. அவர் 2009இல் மறைந்தார்; முடிவுகளைச் சக ஆய்வாளர் 2012இல் வெளியிட்டனர். 2016இல், கரிய நிறத்துக்குக் காரணம் ஒரு பரம்பரையலகினுள் புகுந்த டி.என்.ஏ. துண்டே என ஆய்வுகூடத்தில் அறியப்பட்டது. கணிதம், களம், ஆய்வுகூடம் என்னும் மூன்றும் கூடியே இவ்வினாவை விடுவித்தன.

இத்துறையை நிறுவியவருள் ஒருவராகிய ஹால்டேன் விஞ்ஞானத்தில் பட்டம் பெற்றவரல்லர் என்பது பலர் அறியாத செய்தி. ஒக்ஸ்போர்ட்டில் கணிதத் தேர்வொன்றில் முதல் வகுப்பில் தேறியபின், கிரேக்க இலத்தீன் நூல்களும் தத்துவமும் பயின்று 1914இல் பட்டம் பெற்றார். 1957இல் இந்தியாவுக்கு வந்து கல்கத்தாவில் பணியாற்றினார். விலையுயர்ந்த கருவிகள் இல்லையே என அங்கு எவரும் வாளாவிருக்கவில்லை. அவரிடம் பயின்றோருள் ஒருவர் பவளமல்லிகைப் பூக்களின் இதழ்களை எண்ணினார். மற்றொருவர் எந்நிறப் பூவை எவ்வண்ணத்துப்பூச்சி நாடுகின்றதெனக் குறித்தார்.

இத்துறை நமக்கு அயலானதும் அன்று. தலசீமியா என்னும் குருதிநோய்க்குரிய பரம்பரையலகை ஒருபுறம் மாத்திரம் பெற்றோர் மலேரியாவைத் தாங்கவல்லவராதல் கூடும் என ஹால்டேன் 1949இல் கருதினார். பிற்கால ஆய்வுகள் அதற்கு அரண் செய்தன. இலங்கையில் மலேரியா ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்றளித்தது. நோய் நீங்கிற்று; அதனோடு போராடிய பரம்பரையலகு நீங்கவில்லை. இருபுறமும் அதனைப் பெற்ற குழந்தைகள் இன்றும் குருதியேற்றலுக்காக வைத்தியசாலைகளை நாடுகின்றனர்.

ஆகவே இத்துறையை விரும்பும் மாணவர் முதலிற் செய்யவேண்டியது கணிதத்தைக் கைவிடாமையாகும். நமது உயர்தர உயிரியற் பிரிவில் இணைந்த கணிதம் இல்லாமையால் பலர் அதனை மறந்துவிடுகின்றனர். நிகழ்தகவும் புள்ளிவிபரவியலும் கணினி நிரல் எழுதுதலும் பட்டப்படிப்புக் காலத்திலேயே பழகத் தக்கவை. அடுத்து, பல்கலைக்கழகத்தின் புகழை நோக்காது, தமக்குரிய வினாவையும் அதனை ஆராயும் பேராசிரியரையும் நாடுதல் வேண்டும். அவர் எழுதிய கட்டுரைகளைப் படித்தபின்னரே அவருக்கு எழுதுதல் முறை. பிறநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல கலாநிதிப்பட்ட மாணவருக்கு உதவிப்பணம் அளிப்பதால், வறுமை மாத்திரம் தடையென எண்ணற்க.

பெற்றோருக்கும் ஒரு சொல். வைத்தியராகாத பிள்ளை தோற்ற பிள்ளை அன்று. வீட்டு முற்றத்துப் பூக்களைப் பொறுமையோடு எண்ணும் பிள்ளையைத் தடுக்காதீர்கள்.