ஆங்கிலத்தில் எழுதத் தயக்கமா? தினமும் 10 நிமிஷம் டைரி எழுதிப் பாருங்க!

மேனேஜருக்கு நாலு வரி மெயில். அதை எழுத அரை மணி நேரம். 'ஹேவ்' வருமா, 'ஹேட்' வருமா என்று அழித்து அழித்து எழுதி, கடைசியில் ஏஐ-யிடம் கொடுத்துவிடுகிறோம். சரி, இன்டர்வியூவில் பேப்பரும் பேனாவும் கொடுத்து எழுதச் சொன்னால்?

படித்தால் புரிகிறது, எழுத உட்கார்ந்தால் கை நிற்கிறது. பள்ளியில் நாம் எழுதியதெல்லாம் மனப்பாடக் கட்டுரையும் லீவ் லெட்டரும்தான். சொந்தமாக எழுதிய ஓரிரு வரியும் சிவப்பு மையோடு திரும்பி வந்தது. அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

டைரி எப்படி உதவும்?

அமெரிக்கப் பேராசிரியர் பீட்டர் எல்போ, 1973-ல் வெளியான 'ரைட்டிங் வித்தவுட் டீச்சர்ஸ்' புத்தகத்தில் ஒரு வழி சொன்னார். 10 நிமிஷம் நிறுத்தாமல் எழுதணும். திரும்பிப் பார்க்கவோ, அழிக்கவோ கூடாது. எழுதுவது ஒரு வேலை, திருத்துவது வேறு வேலை. இரண்டையும் ஒன்றாகச் செய்வதால்தான் முதல் வரியிலேயே மாட்டிக்கொள்கிறோம்.

லாஸ் ஏஞ்சல்ஸ் பள்ளி ஆசிரியை லெஸ்லி ரீட், மாணவர்களின் டைரியில் தவறுகளைத் திருத்தாமல் பதில் மட்டும் எழுதினார். 1980-களில் ஆய்வாளர்கள் இதை 'டயலாக் ஜர்னல்' என்று விரிவாக ஆராய்ந்தார்கள். உதாரணமாக, மாணவர் 'எஸ்டர்டே ஐ கோ டு பீச்' என்று எழுதினால், பதில் 'யூ வென்ட் டு த பீச்? வாட் டிட் யூ சீ?' என்று வரும். சரியான வடிவம் கண்ணில் படும்; மனசும் நோகாது.

எப்படித் தொடங்குவது?

* தினமும் ஒரே நேரம். ரயில் பயணமோ, தூங்கும் முன்போ.
* பெரிய தலைப்பு வேண்டாம். இன்று யார் மேல் கோபம் வந்தது, அதை எழுதுங்க.
* வார்த்தை தெரியலையா? தமிழில் எழுதிட்டுத் தாண்டிப் போங்க. பிறகு அகராதியில் பாருங்க.
* ஞாயிற்றுக்கிழமை திரும்பப் படியுங்க. ஒரு வாரத்துக்கு ஒரு வகைத் தவறு மட்டும். தமிழில் 'த' போன்ற ஆர்ட்டிகிள் இல்லாததால் அது நமக்கு அடிக்கடி விட்டுப்போகும். அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

இது மட்டும் போதுமா?

போதாது. டைரி தயக்கத்தைப் போக்கும், வேகம் தரும். பிழையில்லாமல் எழுத வாசிப்பும் வேணும். சில பக்கங்களைத் தெரிந்தவர் ஒருவர் பார்ப்பதும் நல்லது.

நோட்டின் முதல் பக்கத்தைக் கிழிக்காமல் வைத்திருங்க. மூணு மாசம் கழித்து அதைப் படிக்கும்போது நீங்களே சிரிப்பீங்க.