பெண் யானைக்கு மதம் பிடிக்குமா?

திருச்செந்தூர் முருகன் கோயிலுக்குப் போய்வந்த நம் தோட்டப்புற மக்களில் சிலராவது தெய்வானை யானையிடம் ஆசி வாங்கியிருப்பார்கள். 2024 நவம்பர் 18ஆம் தேதி அந்த யானை தன் பாகனையும் அவருடைய உறவினர் ஒருவரையும் தாக்கிக் கொன்றது. யானை ஆளைத் தாக்கினாலே 'மதம் பிடித்துவிட்டது' என்று சொல்லிவிடுவது நம் வழக்கம். ஆனால் தெய்வானை பெண். மதம் வருவது ஆண் யானைக்கு.

மதத்தைத் தமிழர் நெடுங்காலமாக அறிவார்கள். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே உள்ள சுரப்பியிலிருந்து வழியும் மதநீரையும், அதில் வண்டுகள் மொய்ப்பதையும் சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். அந்த நாட்களில் யானையின் ரத்தத்தில் என்ன மாறுகிறது என்பதைக் காட்டியது இலங்கையில் நடந்து 1972இல் வெளியான ஓர் ஆய்வு. அதை நடத்தியவர்களில் முதன்மையானவர் கால்நடை அறிவியலாளர் எம்.ஆர்.ஜைனுதீன். பின்னாளில் நம் செர்டாங்கிலுள்ள பெர்த்தானியான் பல்கலைக்கழகத்தில் (இன்றைய புத்ரா மலேசியா பல்கலைக்கழகம்) பணியாற்றியவர். சாதாரண நாட்களில் ஒரு மில்லிலிட்டருக்கு ஒன்றரை நானோகிராமைக்கூடத் தொடாத டெஸ்டோஸ்டெரோன் என்னும் ஆண் ஹார்மோன், முழு மதத்தில் 30 முதல் 65 நானோகிராம் வரை ஏறியிருந்தது.

மாட்டுவண்டிக் காலத்துப் பெரியவர்களைக் கேட்டால், காயடித்த காளை அடங்கிப்போகும் என்பார்கள். 1849இல் ஜெர்மனியின் பெர்த்தோல்ட் என்ற மருத்துவர் இதையே சேவல்களில் சோதித்தார். விதைகளை இழந்த சேவல்கள் சண்டையை மறந்தன. விதையை வெட்டியெடுத்து வயிற்றுக்குள் வேறிடத்தில் வைக்கப்பட்ட சேவல்களோ வழக்கம்போலக் கூவின, சண்டையிட்டன. நரம்புத் தொடர்பு அறுந்தும் வேலை நடந்ததால், ஏதோ ஒன்று ரத்தத்தின் வழியாகப் போகிறது என்று தெரிந்தது.

அது போய்ச் சேரும் இடங்களில் ஒன்று, மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ். தாயு லின் என்ற ஆய்வாளர், முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாக அமெரிக்காவின் கால்டெக்கில் டேவிட் ஆண்டர்சனின் ஆய்வுக்கூடத்தில் செய்த வேலை 2011இல் வெளிவந்தது. ஆண் எலியின் ஹைப்போதலாமஸில் ஒரு சிறு பகுதியை ஒளியால் தூண்டியதும், அது பெண் எலியையும், காற்றடைத்த கையுறையையும்கூடத் தாக்கியது. ஹார்மோனைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பிகள் அந்தப் பகுதி செல்களில் நிறைய உண்டு.

அம்பாங் பெச்சா என்றால் உடைந்த அணை. 1883இல் பழைய கோலகுபுவை அடித்துச் சென்ற வெள்ளத்தின் நினைவு அந்தப் பெயர். ஹார்மோனை அணையில் ஏறும் நீராக வைத்துக்கொள்ளலாம். மதகு மூளையில் இருக்கிறது. நீர் ஏறினால் ஆபத்து கூடும். ஆனால் மதகு எப்போது திறக்கும் என்பதை நீர் மட்டும் முடிவு செய்வதில்லை.

நீர் ஏறுவதும் சுற்றுச்சூழலைப் பொறுத்ததே. தென்னாப்பிரிக்காவின் பிலானஸ்பெர்க் பூங்காவில், பெரிய ஆண் யானைகளே இல்லாமல் வளர்ந்த அநாதை இளம் ஆண்கள் சிறுவயதிலேயே மதம் கொண்டு, 1990களில் 40க்கும் மேற்பட்ட காண்டாமிருகங்களைக் கொன்றன. 1998இல் ஆறு மூத்த ஆண் யானைகள் கொண்டுவந்து விடப்பட்டன. இளசுகளின் மதம் தணிந்தது, கொலைகளும் நின்றன. ஹார்மோன் ஊசியோ மருந்தோ அங்கே தேவைப்படவில்லை.

தெய்வானையிடம் வருவோம். அச்சம், வலி, எரிச்சல், குட்டியைக் காக்கும் வேகம் என எதனாலும் ஒரு விலங்கு தாக்கலாம். அதற்கு மதம் தேவையில்லை. காட்டில் பெண் யானை தாய், சகோதரி, பிள்ளைகள் என்று கூட்டமாக வாழும். கோயிலில் பெரும்பாலும் தனியாகச் சங்கிலியில் நிற்கிறது. 'மதம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால், அதற்கு ஓய்வு கிடைத்ததா, அன்று அருகில் யார் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

கேரளத் திருவிழாக்களில் நிற்பவை பெரும்பாலும் கொம்பன்கள். அங்கே போகிறவர்கள் யானையின் கண்ணுக்கும் காதுக்கும் நடுவே பாருங்கள். கருத்த ஈரக்கோடு வழிந்திருந்தாலோ, சிறுநீர் சொட்டிக்கொண்டே இருந்தாலோ, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தள்ளி நில்லுங்கள்.