வீட்டைப் புதுப்பிக்கிறீர்களா? சுவரை மூடுமுன் ஒரு படம் எடுங்க!

புது வீட்டுச் சாவி கைக்கு வந்தாச்சு. கான்டிராக்டரும் கிடைச்சாச்சு. "முன்பு - பின்பு" என்று இரண்டு படம் எடுத்து இன்ஸ்டகிராமில் போடத்தான் போகிறீர்கள். ஆனால் நடுவில் நடக்கும் வேலையைப் படமெடுக்கிறீர்களா?

பணத்தையும் தலைவலியையும் மிச்சப்படுத்துவது அந்த நடுப்பகுதிப் படங்கள்தான். 3 கட்டங்களில் கைப்பேசியை எடுத்தால் போதும்.

வேலை தொடங்குமுன்

சிங்கப்பூரில் புதிய வீவக வீடுகளில் உள்ள குறைபாடுகளைச் சரிசெய்ய, சாவி பெற்ற நாளிலிருந்து ஓராண்டு அவகாசம் உண்டு. அதற்குள் ஒரு டைல் விரிசல் விட்டால் கேள்வி வரும்: வீடு கட்டும்போதே வந்ததா, உங்கள் கான்டிராக்டரின் சுத்தியலால் வந்ததா? வேலையாட்கள் உள்ளே வருமுன் எடுத்த படம் அதற்குப் பதில் சொல்லும்.

ஒவ்வோர் அறையிலும் 4 மூலை, தரை, கூரை, சன்னல், கதவு எல்லாவற்றையும் எடுங்கள். வெளியே இருக்கும் நடைபாதையையும் விட்டுவிடாதீர்கள். பொருள்களைத் தூக்கி வரும்போது அங்கேயும் கீறல் விழலாம்.

மூடுமுன்

இதுதான் ரொம்ப முக்கியம். மின்கம்பி, தண்ணீர்க் குழாய், குளிர்சாதனக் குழாய் போன்றவை சுவருக்குள்ளோ பொய்க் கூரைக்கு மேலேயோ மறைந்துவிடும். சாயம் அடித்தபின் எது எங்கே ஓடுகிறது என்று யாருக்கும் நினைவிருக்காது. 2 ஆண்டு கழித்துத் தொலைக்காட்சியை மாட்டத் துளை போடும்போது கம்பியில் பட்டுவிட்டால்?

அதனால் அளவு நாடாவைச் சுவரோடு வைத்துப் படமெடுங்கள். தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர், கதவிலிருந்து எத்தனை என்று படத்திலேயே தெரியணும். முழுச் சுவரும் தெரியும்படி இன்னொரு படமும் தேவை. இல்லையென்றால் எந்த அறை என்பதே மறந்துபோகும்.

குளியலறை டைல்ஸுக்கு அடியில் நீர் புகாமல் தடுக்கும் அடுக்கு இருக்கிறது. அது சேதமாகக்கூடாது என்பதால்தான் புதிய வீவக வீடுகளில் முதல் 3 ஆண்டுக்குக் குளியலறை டைல்ஸை அகற்ற அனுமதி இல்லை. பழைய வீட்டில் அவற்றை மாற்றினால், புதிய அடுக்கு பூசும்போதும் தண்ணீரைத் தேக்கிச் சோதிக்கும்போதும் காணொளி எடுங்கள். பின்னாளில் கீழ்வீட்டுக் கூரையில் நீர் கசிந்தால் அது உதவும்.

பணம் கொடுக்குமுன்

"டைல்ஸ் முடிஞ்சது, அடுத்த தொகை வேணும்" என்று செய்தி வந்ததும் பணத்தை அனுப்பிவிடாதீர்கள். நேரில் போய்ப் பாருங்கள், படமெடுங்கள், பிறகு கொடுங்கள். வாய்வழி பேசிய மாற்றங்களை அன்றைக்கே வாட்ஸ்ஆப்பில் எழுதி அனுப்பி, "சரி" என்ற பதிலையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பிரச்சினை முற்றினால் சிறு கோரிக்கைத் தீர்ப்பாயத்தை நாடலாம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும்; இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரை. 2 ஆண்டுக்குள் கோரிக்கையைத் தாக்கல் செய்யவேண்டும். அங்கே உங்களுக்காக வழக்கறிஞர் வாதாட முடியாது. ஒப்பந்தம், ரசீது, குறுஞ்செய்தி, தேதியுள்ள படங்கள் ஆகியவைதான் உங்களுக்குத் துணை.

எப்படிச் சேமிப்பது?

- வாட்ஸ்ஆப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்தின் தரம் குறையும். எடுத்த தேதி பற்றிய தகவலும் நீங்கிவிடும். அசல் படத்தை வைத்திருங்கள்.
- அறைக்கு ஒரு கோப்பு வைத்து, இணையச் சேமிப்பிலும் ஒரு பிரதி போட்டுவையுங்கள்.
- சாய டின்னில் இருக்கும் நிறக் குறியீட்டையும் டைல்ஸ் பெட்டியில் இருக்கும் எண்ணையும் படமெடுங்கள். பிறகு ஒரு கீறலை மறைக்க அதே நிறத்தைத் தேடி அலைய வேண்டாம்.
- வேலையாட்களின் முகம் தெரியும்படி எடுப்பதற்குமுன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறதா? சுவர் பூசும் நாள் எது என்று இன்றைக்கே கான்டிராக்டரிடம் கேட்டுவிடுங்கள். அதற்கு முந்தைய நாள் அங்கே போகும்போது அளவு நாடாவை மறக்காதீங்க.