காஞ்சீபுரம் நாயனாப் பிள்ளை

ஐரோப்பாவில் பியானோ வாத்தியத்தின் சக்கரவர்த்தியாகப் போற்றப்பெற்ற பிரான்ஸ் லிஸ்ட் 1886-ம் ஆண்டில் காலமானார். துணைக்குப் பிறர் ஒருவரும் இன்றி, மேடையில் தாம் ஒருவராகவே அமர்ந்து கச்சேரி முழுவதையும் வாசிக்கும் வழக்கத்தை 1839, 1840-ம் ஆண்டுகளில் நிலைநாட்டியவர் அவரே. எடிசனுடைய ஒலிப்பதிவு யந்திரம் 1877-லேயே வந்துவிட்டது. ஆயினும் லிஸ்ட் வாசித்த ஒரு ஸ்வரமேனும் இன்று நம் செவிக்கு எட்டவில்லை. அவரிடம் பயின்ற லமாண்ட், ஸாவர் முதலியோரின் இசைத்தட்டுகளைக் கேட்டு, குருநாதர் இவ்வாறு வாசித்திருக்கலாம் என்று அந்நாட்டு ரஸிகர்கள் ஊகித்துக்கொள்கிறார்கள்.

செவிலிமேட்டிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய பெரிய காஞ்சீபுரத்திலும் இத்தகைய கதை ஒன்று உண்டு. அக்கதைக்கு உரியவர் ஸங்கீத வித்வான் நாயனாப் பிள்ளை. அவர் 1889-ம் ஆண்டில் பிறந்தவர்; இயற்பெயர் சுப்பிரமணியம். தாயாரின் சகோதரி தனகோடி அம்மாள் அக்காலத்தில் தென்னாடெங்கும் பெயர்பெற்ற பாடகி. காலையில் கண் விழித்தால் கீர்த்தனம், இரவில் கண் மூடினால் கீர்த்தனம் என்ற வீடு. அவ்வீட்டுப் பிள்ளைக்கோ இளம்பிராயத்தில் பாட்டில் நாட்டமில்லை. உடற்பயிற்சியும் மல்யுத்தமுமே அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. மற்றவர்கள் அரங்கேற்றம் முடித்துவிடும் வயதில்தான் அவர் தம்பூராவின் அருகே வந்தார். வந்த பிறகு விடவில்லை. கோதாவில் பழகிய உடலும் பிடிவாதமும் பின்னாளில் கச்சேரி மேடையில் அவருக்குக் கைகொடுத்தன என்றே எனக்குத் தோன்றுகிறது.

லிஸ்ட் மேடையைத் தனியாக ஆண்டார். நம்மவரோ மேடை கொள்ளாத அளவு வித்வான்களைச் சேர்த்துக்கொண்டு பாடினார். வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று வரிசையாக அமர்ந்திருக்கும். 'புல் பெஞ்ச்' கச்சேரி என்று ரஸிகர்கள் அதற்குப் பெயரிட்டார்கள். நீதிமன்றத்துப் பாஷை ஸங்கீதத்துக்குள் நுழைந்த விந்தையைப் பாருங்கள்! பெயர் பொருத்தமானதே, தாளத்தில் ஒரு மயிரிழை பிசகினாலும் விசாரிக்க அத்தனை நீதிபதிகள் அங்கே இருந்தார்கள். கஞ்சிராவில் இணையற்ற புதுக்கோட்டை தக்ஷிணாமூர்த்தி பிள்ளையும் கொன்னக்கோலில் மன்னார்குடிப் பக்கிரிப் பிள்ளையும் அருகிருக்க, நாயனாப் பிள்ளை பல்லவியை எடுத்துக்கொண்டு, பற்பல கணக்குகளில் நிரவல் செய்து, ஸ்வரம் பாடிச் சமத்துக்கு வந்து சேருவார். லயப் போர் என்று அதனைக் குறை கூறியவர்களும் உண்டு. அக்குறையில் சிறிது நியாயம் இருக்கலாம். ஆனால் அவரைக் கணக்குப்பிள்ளை என்று ஒதுக்கிவிட முடியாது. தியாகராஜ ஸ்வாமிகளின் கீர்த்தனங்களில் அவருக்கிருந்த பாடாந்தரம் மிகப் பெரிது. கடினமான சந்தங்கள் நிறைந்த திருப்புகழையும் உரிய தாளங்களோடு மேடைக்குக் கொண்டுவந்தார்.

காஞ்சியில் அவர் தியாகராஜ உற்சவத்தையும் நடத்திவந்தார். பெரிய வித்வான்கள் பலர் அங்கே வந்து பாடினார்கள். அக்கச்சேரிகளைக் கேட்டு, வீட்டுக்குச் சென்று, கேட்டவற்றை நினைவிலிருந்து பாடிப் பார்த்த ஒரு சிறுமி ஊரில் இருந்தாள். 1919-ல் பிறந்த தாமல் கிருஷ்ணசாமி பட்டம்மாள்தான் அச்சிறுமி. அவர் குடும்பத்துப் பெண்கள் சபையேறிப் பாடுவது அந்நாளில் வழக்கமில்லை; ராகம் தானம் பல்லவியோ ஆண்களுக்கே உரிய சொத்தாகக் கருதப்பட்டது. பின்னர் பட்டம்மாள் மேடையேறினார், பல்லவியும் பாடினார். 1947 ஆகஸ்டு 15-ம் தேதி சென்னை வானொலியில் பாரதியார் பாடல்களைப் பாடி நாட்டின் விடுதலையைக் கொண்டாடிய குரலும் அவருடையதே.

வீணை தனம்மாளுடைய பேத்திகளான பிருந்தாவும் முக்தாவும் நாயனாப் பிள்ளையிடம் வந்து பயின்றார்கள். பதங்களுக்குப் பெயர்போன குடும்பத்தார், கீர்த்தனங்களுக்காகக் காஞ்சியை நாடினார்கள் என்பது எளிய விஷயமன்று.

1934-ல் நாயனாப் பிள்ளை மறைந்தார். அந்நாளில் கிராமபோன் கம்பெனிகள் சுறுசுறுப்பாகத்தான் இருந்தன. தனம்மாளின் வீணையே 1932-ல் தட்டில் ஏறிவிட்டது. ஆனால் நாயனாப் பிள்ளையின் குரலைக் காட்ட ஒரு தட்டும் நம்மிடம் இல்லை. இருந்திருந்தாலும், ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிஷம் ஓடும் தட்டில் அந்தப் பல்லவியில் எத்தனை அடங்கியிருக்கும்? லிஸ்ட் இயற்றியவை அச்சிலாவது உள்ளன; பியானோ உள்ளவர் எவரும் எடுத்து வாசிக்கலாம். மேடையில் அந்தந்த நிமிஷத்தில் பிறந்த கற்பனாஸ்வரத்தை யார் எழுதி வைப்பார்? சிஷ்யர்களே அதற்குச் சாட்சி.

அவர்களில் தலையாயவர் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை. குருவின் லய வன்மையையும் பாடாந்தரத்தையும் ஏற்று, 1954-ல் சென்னை ஸங்கீத வித்வத் ஸபையின் ஸங்கீத கலாநிதி விருதைப் பெற்றார். பிருந்தாவுக்கு அவ்விருது 1976-ல் கிடைத்தது. சித்தூராரிடம் பயின்றவர் மதுரை சோமசுந்தரம். சோமுவின் பாட்டு, நல்ல வேளையாக, ஏராளமாகப் பதிவாகியிருக்கிறது. பக்க வாத்தியக்காரர்களை உற்சாகப்படுத்தித் தட்டிக்கொடுத்து, மணிக்கணக்கில் அவர் பாடிய கச்சேரிகளை இன்றும் கேட்கலாம். காஞ்சிவாசிகள் அவற்றைக் கேட்கும்போது, அவருடைய குருவின் குருவையும் சற்றுத் தேடிப் பார்க்கட்டும்.