கருப்பை வாய் யாரைக் கூப்பிடுகிறது?

இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை 1986-இல் முதன்முதலாகக் கண்டறிந்தவர்கள் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும். சுனிதி பின்னர் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் மையம், தரமணி வி.எச்.எஸ். மருத்துவமனை வளாகத்தில் இயங்கியபோது அங்கே எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் ஒரு ஜெல் சோதனைக்கு வந்தது. பெயர் செல்லுலோஸ் சல்பேட். உறவுக்கு முன் பெண்ணே உள்ளே வைத்துக்கொள்ளலாம். ஆணுறைக்குக் கணவன் மனது வைக்க வேண்டும். இதற்கு அவன் தயவு வேண்டாம். எத்தனை பெண்களுக்கு அது பெரிய விஷயம்!

கர்நாடகத்தின் பாகல்கோட்டிலும் ஆப்பிரிக்க நாடுகள் மூன்றிலும் இதே சோதனை நடந்தது. 2007 ஜனவரி இறுதியில் நிறுத்திவிட்டார்கள். மருந்தில்லா ஜெல் வைத்தவர்களைவிட மருந்து ஜெல் வைத்தவர்களிடம் தொற்று கூடுதலாகத் தெரிந்தது. முழுக் கணக்கில் அந்த வித்தியாசம் உறுதிப்படவில்லை. ஆனால் ஜெல் காக்கவும் இல்லை.

ஆய்வுக்கூடத்தில் கிருமியைத் தடுத்த மருந்து உடலுக்குள் ஏன் தோற்றது? ஒரே காரணத்தை யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் அந்தத் தேடலில் எல்லோர் கவனமும் திசுவின் பக்கம் திரும்பியது.

யோனிச் சுவரில் செல்கள் பல அடுக்காக இருக்கும். கருப்பை வாயின் உட்புறத்தில் ஒரே அடுக்குதான். இவை வெறும் மதில் அல்ல. எதிர்ப்புச் செல்களை எப்போது கூப்பிடுவது, எப்போது பேசாமலிருப்பது என்று தீர்மானிப்பவை இவையே. விந்தணுவும் பெண்ணுடலுக்கு அந்நியம்தான். அதைக் கண்டதும் முழுப் படையும் திரண்டால் கரு தங்காது. அதனால் இங்கே அமைதிக்கு மதிப்பு அதிகம். லாக்டோபேசில்லஸ் பாக்டீரியா சுரக்கும் அமிலமும் அந்த அமைதிக்குத் துணை.

அடுக்கில் கீறலோ எரிச்சலோ தொற்றோ ஏற்பட்டால் செல்கள் சைட்டோகைன் என்ற ரசாயனத் தூதுகளை அனுப்பும். எதிர்ப்புச் செல்களில் ஒரு வகையான சிடி4 செல்கள் விரைந்து வரும். இதுதான் அழற்சி. வேறு கிருமி என்றால் நல்லதுதான். எச்.ஐ.வி. புகுந்து பெருகுவதோ அதே சிடி4 செல்களில். நோனாக்சினால்-9 என்ற விந்துக்கொல்லி மருந்து இப்படித்தான் மேல் அடுக்கைப் புண்ணாக்கியது. அதை அடிக்கடி பயன்படுத்திய பெண்களுக்கு ஆபத்து கூடியது 2000-இல் தெரியவந்தது.

2010-இல் தென்னாப்பிரிக்காவில் டெனோஃபோவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து கலந்த ஜெல் தொற்றை 39 சதவீதம் குறைத்தது. அங்கும் பிறப்புறுப்பில் அழற்சி இருந்த பெண்களே அதிகம் தொற்றுக்கு ஆளானார்கள். பலருக்கு அரிப்போ வெள்ளைப்படுதலோ கிடையாது. தங்களுக்கு அழற்சி இருப்பதே தெரியாது. அறிகுறி சொன்னால் மட்டும் சிகிச்சை என்ற நம் புறநோயாளிப் பிரிவு வழக்கத்தில் இவர்கள் நிச்சயம் விடுபட்டுப் போவார்கள். இன்று புதிய ஜெல்லைச் சோதிக்கும்போது, கிருமியைத் தடுக்கிறதா என்பதோடு, கருப்பை வாயிலிருந்து எடுத்த திரவத்தில் சைட்டோகைன் ஏறியிருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள்.